எவரெஸ்ட் அடிவாரம்: எந்த வழி நமக்கு ஏற்றது?

எவரெஸ்ட் சிகரத்தில் ஏறுவது வேறு. அதன் அடிவார முகாம் வரை போய் வருவது வேறு. முன்னதற்குப் பல லட்சம் ரூபாயும் பல வருஷப் பயிற்சியும் வேண்டும். பின்னதற்குக் கயிறும் கோடரியும் தேவையில்லை. நல்ல கால்களும், ஓரளவு சேமிப்பும், போதிய லீவும் இருந்தால் குமாஸ்தாவும் போகலாம். ஒர்க்‌ஷாப் தொழிலாளியும் போகலாம். மும்பைத் தமிழர் சிலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் திகைத்துப் போகிறார்கள்.

இந்த மலைக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கு 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகேதான் அடிக்கோடு போடப்பட்டது. அங்கிருந்து வடக்கு நோக்கி நீண்ட அந்த அளவைதான், உலகிலேயே உயரமான சிகரம் இது என்று கடைசியில் கண்டறிந்தது. அளவைத் துறையின் தலைவராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் 1865-ல் அதற்குச் சூட்டப்பட்டது. நேபாளத்தார் அதைச் சாகர்மாதா என்றும், திபெத்தியர் சோமோலுங்மா என்றும் அழைக்கிறார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். நேபாளப் பக்கத்து அடிவார முகாம் 5,364 மீட்டரில், அதாவது சுமார் 17,600 அடி உயரத்தில் இருக்கிறது.

அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். மும்பைவாசியோ கடல் மட்டத்திலிருந்து புறப்படுகிறவர். எனவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கிலோமீட்டர்க் கணக்கை அல்ல. உடம்பு எவ்வளவு நிதானமாக மேலே போகிறது என்பதையே.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளியது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் படுக்கும் இடம் முந்தைய இரவைவிடச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும். இந்த விதிக்கு எந்த வழி இடம் கொடுக்கிறதோ அதுவே நல்ல வழி.

பறந்து போகும் வழி

மிகப் பெரும்பாலோர் போவது லுக்லா வழியாகத்தான். 1964-ல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் அமைந்த இந்த விமான நிலையம் 2,800 மீட்டருக்கு மேல், மலைச் சரிவில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர் மட்டுமே, அதுவும் சரிவானது. சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். ஆளுக்குச் சுமார் 15 கிலோ சாமான்தான் அனுமதி. கூட்டமான மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. நள்ளிரவில் கிளம்பி நான்கைந்து மணி நேரம் சாலையில் போய், ராமேசாப் மாவட்டத்து மந்தலி என்னும் ஊரில் விமானம் ஏற வேண்டும்.

லுக்லாவிலிருந்து நடை ஆரம்பம். முதல் இரவு பக்டிங். மறுநாள் நாம்சே பஜார், 3,440 மீட்டர். அங்கே ஒரு நாள் தங்கல். பிறகு மடாலயம் உள்ள தெங்போச்சே, அடுத்து 4,410 மீட்டர் உயரத்து டிங்போச்சே. அங்கே இன்னொரு நாள் தங்கல். அதன் பின் லோபுச்சே, கோரக்‌ஷெப், அடிவார முகாம். ஏற எட்டு நாள், இறங்க மூன்று நாள்.

மும்பையிலிருந்து காட்மாண்டுவுக்கு விமானத்தில் போகிறவர்கள், போக்குவரத்து நாட்களையும் சேர்த்து 17 நாளில் வீடு திரும்பலாம். இந்தக் கணக்கில் இரண்டு நாள் கையிருப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு நாளை யாரும் வீண் என்று எண்ணிவிடக் கூடாது.

காரணம், லுக்லாவில் மேகம் கவிந்துவிட்டால் விமானம் இல்லை. 2011 நவம்பரில் மூடுபனியால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பல நாட்கள் அங்கே சிக்கிக் கிடந்தார்கள். போகும்போது இரண்டு நாள் இப்படித் தாமதமானால் சாதாரணமாக என்ன நடக்கிறது? திரும்பும் டிக்கெட் தேதி கையில் இருக்கிறது. ஆபீசில் சேர வேண்டிய தேதியும் மாறாது. போன இரண்டு நாளை எங்கேயாவது மீட்க வேண்டும். நாம்சேயில் ஒரு நாள் தங்கலையும், டிங்போச்சேயில் ஒரு நாள் தங்கலையும் விட்டுவிடுகிறார்கள். லோபுச்சே போய்ச் சேருவதற்குள் தலை வெடிக்கிறது. இந்த வழியின் பெரிய ஆபத்து இந்த அவசரம்தான். கட்டை ஓடுபாதை அதற்கு அடுத்தபடிதான்.

நடந்து போகும் வழிகள்

1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் போனபோது லுக்லாவில் விமான நிலையம் கிடையாது. அவர்கள் குழு காட்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்தே இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தது. பின்னர் சுவிட்சர்லாந்து உதவியுடன் ஜிரி வரை சாலை வந்தது. ஜிரியிலிருந்து லுக்லாப் பாதையை எட்ட ஆறேழு நாள் நடை. வழியில் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட லாம்ஜுரா கணவாயைத் தாண்ட வேண்டும். ஏறுவதும் இறங்குவதுமாகக் கால் நன்றாகப் பழகிவிடும். ஆனால் இந்த வழியில் போய்வர ஒரு மாத லீவு போதாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இதற்கு இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. சோலுகும்பு மாவட்டத்தின் தலைநகரான சல்லேரி வரை ஜீப்புகள் ஓடுகின்றன. காட்மாண்டுவிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலமோ இரவோ போய்ச் சேரலாம். சல்லேரிக்கு அப்பாலும் மண்சாலை நீண்டுகொண்டே போகிறது. மழையில்லாத மாதங்களில் ஜீப்புகள் இன்னும் உள்ளே போகின்றன. சல்லேரியிலிருந்தே நடந்தால் மூன்று, நான்கு நாளில் லுக்லாப் பாதையில் சேரலாம். இந்த நாட்கள் பெரும்பாலும் 2,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட உயரத்தில் கழிவதால் உடம்பு மெல்ல மெல்லப் பழகுகிறது. காட்மாண்டு வரை விமானம், அப்புறம் ஜீப் என்றால் மொத்தம் 22, 23 நாள் ஆகும்.

ரயிலை நம்பியவர்களுக்கு

விமானக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் காட்மாண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. மும்பை லோகமான்ய திலக் டெர்மினஸிலிருந்து பவன் எக்ஸ்பிரஸ் பீகார் எல்லையில் உள்ள ஜெய்நகர் வரை போகிறது. வண்டியில் இரண்டு இரவு. ஜெய்நகரிலிருந்து நேபாளத்து ஜனக்பூருக்கு 2022 ஏப்ரலில் அகலப் பாதையில் பயணிகள் ரயில் தொடங்கப்பட்டது. சீதை பிறந்த ஊர் என்று போற்றப்படும் ஜனக்பூரில் ஜானகி கோயிலைத் தரிசித்துக்கொண்டு, அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, கட்டாரி, குர்மி, ஒக்கல்துங்கா வழியாகச் சல்லேரி போகலாம். சாலை சில இடங்களில் கரடுமுரடானது. எனவே இடையில் ஓர் இரவு தங்குவதாகக் கணக்கு வைப்பது நல்லது.

இந்த வழியில் மும்பையிலிருந்து மும்பைக்கு 27 நாள் ஆகும். லீவு அதிகம் பிடிக்கும். பணம் குறைவாகப் பிடிக்கும். மேகம் மூடினாலும் பயணம் நிற்காது என்பது இதன் பெரிய லாபம். மழைக்காலத்தில் மட்டும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மலைச்சாலைகளில் மண் சரியும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் காட்மாண்டுவையும் தராய்ச் சமவெளியையும் இணைக்கும் பி.பி. நெடுஞ்சாலையே பல இடங்களில் அடித்துக்கொண்டு போயிற்று.

கோக்கியோவும் திபெத்தும்

அடிவார முகாமுடன் கோக்கியோ ஏரிகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அழகில் அதற்கு ஈடில்லைதான். ஆனால் இரண்டையும் இணைக்கும் சோ லா கணவாய் 5,400 மீட்டரைத் தொடுகிறது. பனிக்கட்டி மேல் நடக்க வேண்டும். கூடுதலாக நான்கைந்து நாள் வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இது உகந்ததல்ல.

திபெத் பக்கம் மோட்டாரிலேயே ரோங்புக் வரை போய்விடலாம். நடை மிகக் குறைவு. சிகரமும் முழுசாகத் தெரியும். ஆனால் சீன விசா, திபெத்துக்கென்று தனி அனுமதி, ஏஜென்சி, வழிகாட்டி எல்லாம் கட்டாயம். செலவும் அதற்கேற்ப இருக்கும். தவிர, காரில் ஏறுகிறவரின் உடம்பு பழக அவகாசம் கிடைப்பதில்லை. நேபாள எல்லையில் ரசுவாகடியில் இருந்த பாலம் 2025 ஜூலை வெள்ளத்தில் போய்விட்டது. அந்தப் பக்கமாகப் போக நினைப்பவர்கள் நிலைமையை விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

காகிதமும் காசும்

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் கமிஷனின் வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி விமான நிலையம் போகக் கூடாது. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத விகிதம். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள் நுழைய மற்ற வெளிநாட்டாருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால், சார்க் நாட்டவருக்கு 1,500; வரி தனி. அங்குள்ள உள்ளாட்சிக்கும் ஒரு கட்டணம் உண்டு. இரண்டையும் வழியிலேயே கட்டலாம். உள்நாட்டு விமானங்களிலும் இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. டிக்கெட் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைப் பயணிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளத்தில் விதி வந்தது. எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சி அதைத் தன் எல்லைக்குள் அமல்படுத்தவில்லை. ஆயினும் முதல் முறை போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்வது நல்லது.

வழியெங்கும் தங்கும் விடுதிகள் உண்டு. அறை வாடகை குறைவு; சாப்பாடு அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். பருப்பும் சோறும் காய்கறியும் சேர்ந்த 'தால் பாத்' தான் நமக்கு ஒத்துவரும். சோறு மறுபடியும் போடுவார்கள். மேலே போகப் போக விலை ஏறும். அத்தனை சாமானும் ஆள் முதுகிலும் மாட்டின் முதுகிலும் போக வேண்டியிருக்கிறது. நாம்சேக்கு மேல் பாங்கை நம்ப முடியாது. ரொக்கம் கையில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பையும் உள்ளடக்கிய இன்ஷ்யூரன்ஸ் எடுக்காமல் போகக் கூடாது. ஒரு முறை ஹெலிகாப்டர் வந்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். ஒரு குமாஸ்தாவின் சேமிப்பு அதிலேயே கரைந்துவிடும்.

எப்போது திரும்ப வேண்டும்?

மார்ச் பாதியிலிருந்து மே வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் போகலாம். மலையேறும் குழுக்களின் கூடாரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல், மே மாதங்களே தோது. இலையுதிர் காலத்தில் முகாமில் கல்லும் பனியும்தான் இருக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரிவதில்லை. பக்கத்து மலைகள் மறைத்துவிடுகின்றன. கோரக்‌ஷெப்புக்கு மேலுள்ள காலா பத்தர் குன்றில் ஏறினால்தான் நன்றாகத் தெரியும்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. குடித்தவன் போல் நடை தள்ளாடினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். காத்திருந்தால் உயிருக்கே மோசம். பெரிச்சேயில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் பருவ மாதங்களில் இயங்குகிறது. மாத்திரை விஷயத்தை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது உசிதம். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சம்மதமில்லாமல் புறப்படவே கூடாது.

ஆக, கணக்கு இவ்வளவுதான். ஒரு மாத லீவு இருந்து கையில் காசு குறைவென்றால் ஜனக்பூர், சல்லேரி வழி. 22 நாள் இருந்தால் காட்மாண்டு, சல்லேரி வழி. 17 நாள் இருந்தால் லுக்லா. கையிருப்பு நாட்கள் இரண்டையும் தொடாமல். அதற்கும் குறைவாக இருந்தால் இந்தத் தடவை அடிவார முகாமை விட்டுவிட்டு, தெங்போச்சே வரை மட்டும் போய்வரலாம். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே எவரெஸ்ட் தெரியும். போகும் வழியில் லுக்லா விமானத்துக்காக இரண்டு நாள் வீணானாலும் நாம்சேத் தங்கலை விட வேண்டியிருக்காது.

புறப்படும் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதைவிட, வேலையில் சேர வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே நல்லது. தங்கும் நாட்களை முதலில் எழுதிவிட்டு, நடக்கும் நாட்களை அடுத்து எழுத வேண்டும். மீதியுள்ள நாட்களுக்கு எந்த வழி இடம் கொடுக்கிறதோ, அந்த வழிக்கு டிக்கெட் வாங்கலாம். அதுவரை தினமும் லிஃப்டை மறந்து மாடிப்படி ஏறிப் பழகினால், நாம்சே ஏற்றத்தில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.