துண்டை ஏன் இறக்கினாய், தோழா?

காலை எட்டு மணிக்குப் பள்ளிபாளையத்திலோ, குமாரபாளையத்திலோ, திருச்செங்கோட்டிலோ ஒரு தெருமுனையில் சற்று நின்று பாருங்கள், தோழர்களே! இரவெல்லாம் தறி ஓட்டிச் சிவந்த கண்களோடு ஒரு தகப்பன் நிற்பான். அவன் தோளில் ஈரிழைத் துண்டு. கையைப் பிடித்தபடி ஏழு வயது மகன். அவன் கழுத்தில் கோடு போட்ட டை. பங்குனி வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் பிள்ளையின் கழுத்தெல்லாம் வியர்வை. தகப்பன் தன் துண்டின் முனையை எடுத்து, மகனின் டைக்கு அடியில் விட்டுத் துடைக்கிறான். மஞ்சள் வண்டி வருகிறது. மகன் ஏறிக்கொள்கிறான்.

அதே தகப்பன், பள்ளிக்குப் பணம் கட்டப் போகும் நாளில் பாருங்கள். அலுவலக வாசற்படி வந்ததும் கை தானாகத் தோளுக்குப் போகிறது. துண்டு இறங்குகிறது. நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். இறக்கு என்று சொன்னவர் யார்? ஒருவருமில்லை. பலகையில் எழுதியிருக்கிறதா? இல்லை. சட்டம் இருக்கிறதா? அதுவும் இல்லை. உள்ளே டை கட்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்!

கழுத்தில் கட்டும் துணிக்கு இருக்கிற மரியாதை, தோளில் போடும் துணிக்கு ஏன் இல்லை? இரண்டும் துணிதானே? இரண்டும் எவனோ ஒரு நெசவாளி நெய்ததுதானே? இந்த இரண்டு துணிகளின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

சிப்பாய்க் கழுத்திலிருந்து சீமான் கழுத்துக்கு

ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் நடந்தது. கூலிக்குச் சண்டை போட வந்த படைகளில் குரோவாத்தியக் குதிரைவீரர்களும் இருந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணியை முடிந்துகொள்வது அவர்கள் வழக்கம். குளிருக்கு அது போர்வை. சட்டைக் கழுத்துக்கு அது கட்டு. நம் லாரி ஓட்டுநர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துண்டைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் நகரத்துப் பிரபுக்கள் அதைக் கண்டார்கள். கண்டதும் ஆசை வந்தது. குரோவாத்தியன் கட்டியது என்ற பொருளில், அவன் பெயராலேயே அதைக் ‘கிராவத்’ என்றார்கள். ஆங்கிலத்தில் ‘கிராவட்’ ஆயிற்று. பதினான்காம் லூயி மன்னனின் அரண்மனையில் அது பின்னல் வேலைப்பாடு கொண்ட விலையுயர்ந்த துணியாயிற்று. சிப்பாய் வியர்வை துடைத்த துணி, வியர்வையே அறியாதவன் கழுத்தை அலங்கரித்தது!

பிறகு இங்கிலாந்திலே பிரம்மல் என்றொரு ஆடம்பரக்காரன் வந்தான். 1778-ல் பிறந்தவன். அவனுக்குக் கஞ்சி போட்ட வெள்ளைக் கிராவட் ஒரே முயற்சியில் மடிப்புக் கலையாமல் அமைய வேண்டும். அமையாவிட்டால் அதை எறிந்துவிட்டு அடுத்தது. வேலைக்காரன் கை நிறையக் கசங்கிய துணிகளை அள்ளிக்கொண்டு படியிறங்குவான், ‘இவையெல்லாம் தவறிப்போனவை’ என்று சொல்லிக்கொண்டே, என்று அந்நாளைய கதை ஒன்று உண்டு. கடன்பட்டு நாட்டைவிட்டு ஓடிய பிரம்மல், 1840-ல் பிரான்சிலே புத்தி பேதலித்து இறந்தான். அவன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் கஞ்சித் துணிகளைத் துவைத்தவள் பெயர் எங்கே இருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகின, அலுவலகங்கள் பெருகின. அரை மணி நேரம் கண்ணாடி முன் நின்று கிராவட் கட்டக் குமாஸ்தாவுக்கு நேரமில்லை. துணி நீண்டு ஒடுங்கி, ஒரே முடிச்சில் அடங்கும் டை ஆயிற்று. 1920-களில் நியூயார்க் தையற்காரர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டி மூன்று துண்டாகத் தைத்தால் டை முறுக்கிக்கொள்ளாது என்று கண்டார். இன்றைய டையின் வெட்டு அதுதான்.

குரோசியா நாட்டார் இதை மறக்கவில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 18-ஆம் நாளைக் கிராவட் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2003-ல் பூலா நகரத்திலுள்ள ரோமானியர் காலத்து அரங்கத்தைச் சுற்றி 808 மீட்டர் நீளமுள்ள சிவப்பு டையைக் கட்டிக் காட்டினார்கள். எங்கள் ஏழைச் சிப்பாய் உலகத்துக்குத் தந்தது இது என்று மார்தட்டுகிறார்கள். தட்டட்டும்! நமக்கு அப்படி மார்தட்ட ஒன்றுமில்லையா?

தோளுக்கு ஏறத் துண்டு கொடுத்த விலை

நம் துண்டு என்ன வேலைதான் செய்யவில்லை? வியர்வையைத் துடைக்கும். மூட்டை தூக்கும்போது சும்மாடாகும். வெயிலில் முண்டாசாகும். மரத்தடியில் விரித்தால் பாயாகும், சுருட்டினால் தலையணை. சோற்று மூட்டையும் அதுதான், தூளிக்கு மேல் போர்வையும் அதுதான். புதன்சந்தையில் மாட்டுத் தரகர் இருவர் துண்டுக்கடியில் கைவிட்டு விரலைத் தொட்டே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிறோம். வரவுக்கு மேல் செலவு போனால் துண்டு விழுகிறது என்கிறோம். குடும்பம் நொடித்தால் தலையில் துண்டு விழுந்தது என்கிறோம். நம் பேச்சிலேயே நெய்து கிடக்கிறது இந்தத் துணி.

ஆனால் இத்தனை வேலை செய்யும் துண்டுக்கு ஓர் இடம் மட்டும் மறுக்கப்பட்டது. அது தோள்!

பண்ணையார் எதிரே வந்தால் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். ஊர்த் தெருவில் நடந்தால் கக்கத்துக்குப் போக வேண்டும். சேரியிலிருந்து வருபவன் தோளில் துண்டு கிடந்தால் அது குற்றம். நம் சேலம் நாமக்கல் சமவெளியும் இந்தப் பாவத்துக்கு விலக்கல்ல. தெற்கே திருவிதாங்கூர் ஆட்சியிலிருந்த பகுதியில், பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவதற்கே பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் மன்னரின் அறிவிப்பு இறங்கி வந்தது. தோளில் கிடக்கும் துணி வெறும் துணியல்ல, அது தலைநிமிர்வு என்பது அடக்கியவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அடக்கினான்.

செட்டிநாட்டிலே ஒரு திருமண ஊர்வலம். நாதசுரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. மூச்சுப் பிடித்து வாசிக்கிறவருக்கு வியர்க்காதா? தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. துண்டை எடு என்றார்கள். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே வந்தார். எடுக்கக் கூடாது என்று நாதசுரக்காரர் பக்கம் நின்றார். சுயமரியாதை இயக்கத்தாரிடையே பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் நிகழ்ச்சி இது. உயிர்ப்பலி நடக்கவில்லை, கோட்டை பிடிபடவில்லை. ஒரு முழத் துணி, இருந்த இடத்திலேயே இருந்தது. அவ்வளவுதான்! ஆனால் அந்த ஒரு முழத்துக்குள் எத்தனை பேரின் மானம் அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சேலத்தில் கழன்ற பட்டங்கள்

நம் சேலத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1944 ஆகஸ்ட் 27. பெரியார் தலைமையில் நீதிக்கட்சி மாநாடு. நீதிக்கட்சி என்றால் சர் பட்டமும் ராவ்பகதூர் பட்டமும் நிறைந்த அவை. அதன் முன்னே அண்ணாதுரை தீர்மானம் வந்தது: வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவப் பதவிகளை விட்டு விலக வேண்டும். கட்சியின் பெயரும் அன்றே திராவிடர் கழகம் என்று மாறியது. பட்டத்தை விட மனமில்லாதவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அதன் பிறகு மேடையில் கோட்டும் டையும் குறைந்தன, துண்டு பெருகியது. மேடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்திருந்தவனும் மேடைமீது நின்றவனும் ஒரே துணியைப் போட்டிருந்த காலம் அப்படித்தான் பிறந்தது.

இதைக் கேட்டு, டை கட்டியவனெல்லாம் பகைவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது அவசர புத்தி. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைப் பாருங்கள். டாக்டர் சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. அவர் மகன் மோகன் குமாரமங்கலம், பிரபு வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். கழுத்துப்பட்டி இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாத இடம் ஈட்டன். அங்கிருந்து திரும்பியவர் எங்கே போனார்? கம்யூனிஸ்டுக் கட்சிக்குப் போனார், சிறைக்கும் போனார். கழுத்தில் என்ன இருந்தது என்பதைவிட, எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் கேள்வி.

அண்ணல் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியார் லண்டனில் மாணவராக இருந்தபோது கண்ணாடி முன் நின்று டை கட்டிப் பொழுதை வீணாக்கியதைத் தாமே எழுதியிருக்கிறார். 1921-ல் நம் மதுரையில் அரையாடைக்கு மாறினார். அவர் இறக்கியது சரியென்றால், அம்பேத்கர் ஏற்றியதும் சரிதான். உனக்கு நல்ல துணியே கூடாது என்று ஆயிரம் ஆண்டு சொன்னவர்களுக்கு, 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கோட்டும் டையுமாக உட்கார்ந்து அவர் பதில் சொன்னார். இருப்பவன் துறப்பது ஒரு நியாயம்; மறுக்கப்பட்டவன் அணிவது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

ஆகவே நம் சண்டை டையோடு அல்ல. எந்தத் துணி மனிதனை வாசலில் நிறுத்துகிறதோ, அந்த வழக்கத்தோடுதான் சண்டை.

சட்டம் வந்தது, கூச்சம் போகவில்லை

2014 ஜூலையில் சென்னையில் என்ன நடந்தது? ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், கிரிக்கெட் சங்கத்து மன்றத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்டார். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் தறிக்காரனுக்கு என்ன கதி? நாடு கொதித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் செய்தது: வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுத்தால் மன்றத்தின் உரிமம் பறிபோகும்; தடுத்தவருக்குச் சிறையும் உண்டு.

நல்ல சட்டம். ஆனால் வெளியே இருக்கும் காவலாளியைத்தான் சட்டம் அடக்க முடியும். நம் நெஞ்சுக்குள் நிற்கும் காவலாளியை யார் அடக்குவது? பள்ளி வாசலில் துண்டை மடிக்கும் தகப்பனைத் தடுத்தவர் ஒருவருமில்லையே! அவனே தன்னைத் தடுத்துக்கொண்டானே! தன் மகன் கழுத்தில் இருப்பதுதான் கௌரவம், தன் தோளில் இருப்பது அழுக்கு என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அந்த டைக்கும் பணம் கட்டியவன் அவன்தான். மகன் ஆங்கிலம் படிக்க வேண்டும், டாக்டராக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? படிக்கட்டும்! ஆனால் படிப்பு டையிலா இருக்கிறது? வெயில் கொளுத்தும் ஊரில், பிள்ளைகள் கழுத்தை இறுக்கும் அந்த முடிச்சால் எந்தக் கணக்கு எளிதாகிறது? குளிர் நாட்டுச் சிப்பாய் குளிருக்குக் கட்டியதைக் கொதிக்கும் நாட்டுக் குழந்தைக்கு மாட்டுவது எந்த ஊர் அறிவு? இதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும், தோளில் துண்டோடு!

நம் வீட்டுக் குற்றத்தையும் பார்ப்போம்

ஊரைச் சொன்னால் போதாது. நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். தலைவர் கார் வந்து நின்றால், தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குகிறதா இல்லையா? எந்தத் துண்டை ஏற்ற ஒரு தலைமுறை அடிபட்டதோ, அதை நாமே நம்மவர் முன்னால் இறக்கினால் அழகிரிசாமி போன்றவர்கள் நின்றதற்கு என்ன பொருள்? பதவி தோளில் போடும் துண்டு, கொள்கை இடுப்பில் கட்டும் வேட்டி என்று அண்ணா சொன்னதாக நாம் மேடைதோறும் சொல்கிறோம். பதவித் துண்டு போனால் போகட்டும். மானத் துண்டு போகலாமா?

இன்னொன்று, நெய்தவன் கணக்கு. 1953-ல் கைத்தறி நெசவாளர் கஞ்சிக்கு அலைந்தபோது, அண்ணாவும் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றார்கள். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று, அன்று முதலமைச்சராக இருந்த, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ராஜாஜியும் மத்திய அரசைக் கேட்டார். கொள்கையில் எதிரெதிர் நின்றவர்கள் நெசவாளி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்! 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 வகைகள். பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றில் துண்டும் அங்கவஸ்திரமும் இருக்கின்றன. ஏட்டில் இருந்தால் போதுமா? நூல் விலை ஏறினால் கைத்தறிக்காரனும் சாகிறான், விசைத்தறிக் கூலிக்காரனும் சாகிறான். மேடையில் ஒரே இரவில் நூறு பொன்னாடை போர்த்துகிறோமே, அவற்றில் எத்தனை நம் இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் நெய்தவை என்று எவராவது கேட்டதுண்டா? கேட்க வேண்டும். பளபளக்கும் பொன்னாடைக்குப் பதில் ஒரு கைத்தறித் துண்டு போர்த்தினால் பெற்றவருக்கும் பயன், நெய்தவனுக்கும் சோறு.

அங்கே சிப்பாயின் துணியைச் சீமான் பறித்துக்கொண்டான். கொடுத்தவன் பெயர்கூடப் பலருக்கு மறந்துவிட்டது. இங்கே நம் துணியை எவனும் பறிக்கவில்லை. போட வேண்டிய இடத்தில் போடத்தான் விடவில்லை. அதையும் வென்று முடித்தோம். வென்றதை வாசற்படியில் விட்டுவிட்டு வரலாமா?

அடுத்த முறை பள்ளிக்கூட அலுவலகத்துக்கோ, பாங்கிக்கோ, தாலுகா கச்சேரிக்கோ போகும்போது உன் கை தோளுக்குப் போகும், தோழா. பழக்கம் அது. அப்போது ஒரு நொடி நில். நாதசுரக்காரர் தோளில் கிடந்த அந்தத் துண்டை நினைத்துக்கொள். கையைக் கீழே இறக்கு. துண்டை அங்கேயே விடு. நேரே உள்ளே போ. உன் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்!