தனியே நின்று பேசிய தசை

ஒரு சிறிய அச்சுக்குள் கரைசல் ஊற்றப்படுகிறது. காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறையும்போது வலையாகப் பின்னிக்கொள்ளும் ஃபைப்ரின் புரதமும், ஏராளமான இளம் தசைச் செல்களும் அதில் கலந்திருக்கின்றன. சற்று நேரத்தில் கரைசல் கூழாக இறுகுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டால், செல்கள் கூழை எல்லாப் பக்கமும் பற்றி இழுத்துச் சில நாட்களில் உருவமற்ற ஒரு கட்டியாகச் சுருட்டிவிடும். இரண்டு முனைகளையும் நகர முடியாதபடி பிணைத்து வைத்தால் நடப்பது வேறு. செல்கள் இழுக்கின்றன, கூழ் குறுக இடமில்லை, இழுவிசை ஒரே திசையில் நிலைபெறுகிறது. அந்தத் திசையிலேயே செல்கள் நீண்டு, அணிவகுத்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்து நார்களாகின்றன. பாவை இழுத்துக் கட்டாமல் தறியில் நெய்ய முடியாது என்பதைப் போலத்தான் இது. ஆனால் இங்கே நெய்பவர் என்று தனியாக எவரும் இல்லை. சில வாரங்களில், மின்துடிப்பு கொடுத்தால் சுருங்கித் தளரும் தசை அந்த அச்சில் இருக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹம் நகரின் டியூக் பல்கலைக்கழகத்தில் நெனாட் புர்சாக் என்ற உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியரின் குழு பல ஆண்டுகளாக இப்படித் தசை வளர்த்துவருகிறது. ஆய்வகத்தில் வளரும் உறுப்புகள் என்றாலே பழுதானதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் மருத்துவம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நாள் வரட்டும். இந்தத் தசைகள் இதுவரை செய்திருக்கும் பெரிய காரியம் வேறொன்று என்பது என் எண்ணம். உடலோடு இருந்தவரை தசை சொல்லாத செய்திகளை, உடலைவிட்டுப் பிரிந்து நின்றபோது அது சொல்லியிருக்கிறது.

நம் உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் இருக்கின்றன. எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் அவைதான். மற்ற செல்களைப் போல ஒரு தசை நாருக்கு ஒரே உட்கரு கிடையாது. பல செல்கள் கலந்து உருவானது என்பதால் ஒரே நாருக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். அந்த உட்கருக்கள் மறுபடி பிரிவதில்லை. உடற்பயிற்சியால் புஜம் பருப்பதும் பெரும்பாலும் நார்களின் எண்ணிக்கை கூடுவதால் அல்ல. இருக்கும் நார்கள் ஒவ்வொன்றும் தடிப்பதால்தான். அப்படியானால் கிழிந்த தசை எப்படி ஆறுகிறது? 1961-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் அலெக்சாண்டர் மாரோ, தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாரின் சவ்வுக்கும் வெளி உறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த சிறு செல்களைக் கண்டார். நாரை ஒட்டியே இருந்ததால் அவற்றைத் துணைச் செல்கள் என்றார். தசை காயப்படும்வரை உறங்கி, காயம் பட்டதும் விழித்துப் பெருகி, புது நார்களாகும் செல்கள் இவைதான். ஆய்வகத்தில் தசை வளர்ப்பவர்களின் விதைநெல் இந்தச் செல்களின் வாரிசுகளே.

இனி ஒரு பழைய கேள்வி. வேலை செய்தால் தசை பருக்கிறது, படுத்துக் கிடந்தால் மெலிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது? ஓடும்போது நரம்பு தூண்டப்படுகிறது, ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, ஹார்மோன்கள் சுரக்கின்றன. இவற்றில் எது தசையை வளர்க்கிறது என்று உயிருள்ள உடலில் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஹெர்மன் வாண்டன்பர்க் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்துப் பார்த்தார். கோழிக்கருவின் தசைச் செல்களை நீளக்கூடிய ஒரு படலத்தின்மேல் வளர்த்து, படலத்தை மெல்ல இழுத்தார். நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை, இழுவை மட்டும்தான். நார்கள் தடித்தன. 1979-இல் சக ஆய்வாளர் சேமூர் காஃப்மனுடன் சேர்ந்து அதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். 1990-களில் அவரது குழு ஆய்வகத்தில் வளர்த்த பறவைத் தசைகளை நாசாவின் விண்ணோடத்தில் அனுப்பியது. எடையற்ற நிலையில் ஒன்பது, பத்து நாட்கள் இருந்துவிட்டு வந்த நார்கள், தரையில் வைத்திருந்தவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மெலிந்திருந்தன. இருந்த புரதம் வேகமாகச் சிதைந்ததால் அல்ல, புதுப் புரதம் குறைவாக உருவானதால்தான் அந்த மெலிவு. விண்வெளி வீரர்களின் தசை இளைப்பதற்கு உடல் முழுவதும் பாதிக்கப்பட வேண்டியதில்லை. தன்மேல் பாரம் இல்லை என்பது தசை நாருக்கே தெரிந்துவிடுகிறது.

புர்சாக்கின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் எலித் தசை இன்னொரு படி ஏறியது. நன்கு முதிர்ந்த நார்களோடு, துணைச் செல்கள் உறங்கிக் காத்திருக்க இடமும் இருக்கும்படி அந்தத் தசையை வளர்த்தார்கள். பிறகு அதை உயிருள்ள எலியின் முதுகில் பொருத்தி, மேலே கண்ணாடிச் சாளரம் ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் கால்சியம் பாயும். அப்போது நார் ஒளிரும்படி மரபணுவில் மாற்றம் செய்திருந்ததால், தசை வலுக்க வலுக்க ஒளி கூடுவதை இரண்டு வாரம் சாளரம் வழியே பார்த்தார்கள். எலியின் ரத்தக்குழாய்களும் அதற்குள் ஊடுருவின. ஆய்வகத்திலேயே இருந்த தசையில் பாம்பு நஞ்சிலுள்ள ஒரு நச்சைச் செலுத்தி நார்களைச் சிதைத்தபோது, துணைச் செல்கள் விழித்தெழுந்து தசையைத் திரும்பக் கட்டின.

அதற்குப் பின் வந்த தோல்வியைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். முதலில் பயன்பட்டவை புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் செல்கள். வளர்ந்த எலியின் செல்களிலிருந்து தசை செய்து அதே நச்சைச் செலுத்தியபோது, அது ஆறவில்லை. துணைச் செல்கள் இருந்தும் பயனில்லை. என்ன குறைகிறது என்று தேடி, மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்களைக் கூழிலேயே கலந்து வளர்த்தார்கள். சிதைந்ததை விழுங்கித் துப்புரவு செய்வது மட்டுமே இவற்றின் வேலை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. அவை சேர்ந்ததும் தசை பழைய வலுவை நோக்கி மீண்டது. 2018-இல் வெளியான இந்த ஆய்வு, வளர்ந்த உடலில் தசை தனியாக ஆறுவதில்லை என்பதை, தசையைத் தனியாக வைத்தே காட்டியது.

மனிதத் தசைக்கு 2015-இல் வழி திறந்தது. ஊசியால் எடுத்த சிறு துணுக்கிலிருந்து செல்களை ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருக்கி, மின்துடிப்புக்குச் சுருங்கும் தசையாக்கினார்கள். கொழுப்பைக் குறைக்கக் கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாட்டின் மருந்துகள் சிலருக்குத் தசைக் கோளாறு தருவது மருத்துவர்கள் அறிந்ததே. அதிக அளவில் கொடுத்தபோது ஆய்வகத் தசையும் பாதிக்கப்பட்டது. கிளென்பியூட்டரால் என்ற மருந்துக்கு அது காட்டிய எதிர்வினை, எலிகளிடம் காணப்படுவதிலிருந்து வேறுபட்டு மனிதர்களிடம் காணப்படுவதை ஒத்திருந்தது. எலியை மட்டும் நம்பி மருந்து தேடிய ஆய்வாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

2021-இல் வந்த முடிவு வாண்டன்பர்க்கின் கேள்வியை மறுபடி எழுப்பியது. நாள்பட்ட அழற்சி நோய்களில் தசை கரைவதற்கு இன்டர்ஃபெரான் காமா என்ற மூலக்கூறும் ஒரு காரணம். ஆய்வகத்து மனிதத் தசையை ஒரு வாரம் அதில் ஊறவைத்தால் நார்கள் மெலிந்து வலுவிழந்தன. அதே ஒரு வாரம் மின்துடிப்பால் உடற்பயிற்சியும் கொடுத்தால் சேதம் கிட்டத்தட்ட முழுவதும் தவிர்க்கப்பட்டது. இதயமோ மூளையோ கொழுப்போ அங்கே இல்லை. பயிற்சி செய்த தசை அழற்சியைத் தானே எதிர்த்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் டோஃபாசிடினிப், பாரிசிடினிப் ஆகிய மருந்துகளும் அதே பாதுகாப்பைத் தந்தன.

இந்தத் தசைகள் இன்னும் மெல்லியவைதான். ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு அப்பால் போனால் செல்லுக்கு ஆக்சிஜன் போதாது. அதனால் குழாய்கள் இல்லாமல் கனமான தசை வளர்க்க முடியாது. வலுவிலும் அவை வளர்ந்த மனிதரின் தசைக்கு ஈடாகவில்லை. நரம்பும் வேண்டும். விபத்தில் தொடைச் சதையை இழந்தவருக்கு உதவ இவை அனைத்தும் தேவை. ஆனால் தசைச்சிதைவு நோயால் வாடும் ஒரு சிறுவனுக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்க அவ்வளவு தேவையில்லை. அவனது சொந்தச் செல்களில் வளர்ந்த மெல்லிய இழைகள் சில இருந்தால் போதும். அவன்மேல் ஒன்றையும் சோதிக்காமல், இழைக்கு ஒரு மருந்தாகக் கொடுத்து, எது எவ்வளவு விசையோடு சுருங்குகிறது என்று அளந்துவிடலாம்.