தர்மகர்த்தாவின் கணக்கு

பூட்டும் சாவியும் – 9

மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதி. இரவு எட்டு மணி இருக்கும். பையைக் கீழே வைத்ததும் வரவேற்பு மேசையில் இருந்த தம்பி பதிவேட்டை நீட்டினார். பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து ஆதார் அட்டையைக் கேட்டார். வாங்கி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று தன் சொந்தக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, இந்தப் படத்த எத்தன நாள் வெச்சிருப்பீங்க?”

“அழிக்கிறதே இல்ல சார். எல்லாம் இதுலயேதான் கெடக்கும்.”

அவர் எதையும் மறைக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கச் சொன்ன யாரும், அதை எப்போது அழிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான். அன்று இரவு அலைச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன். அந்தக் கைபேசிக்குள் எத்தனை குடும்பங்கள், எத்தனை புதுமணத் தம்பதிகள், சுற்றுலா வந்த எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற நினைப்பு தூங்கவிடவில்லை. அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் படங்களும் அவரோடு போகும். கைபேசி தொலைந்தால், எடுத்தவரோடு போகும்.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினேன். சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், பொத்தேரி தாண்டினால் கூடுவாஞ்சேரியை ஒட்டி வல்லாஞ்சேரி. அங்கே எஸ்டான்சியா வளாகத்தில் இருக்கிறது ஜோஹோவின் தலைமையகம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆன நிறுவனம். 2023-ல் அதன் பயனர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. விடுதித் தம்பியிடம் நான் கேட்ட அதே கேள்வியை இவ்வளவு பெரிய மென்பொருள் நிறுவனத்திடமும் கேட்கலாம். என் விவரத்தை எதற்கு வாங்குகிறீர்கள்? யாருக்குக் கொடுப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்?

மளிகைக்கடை நோட்டு

முதலில் குக்கி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இணையதளங்களுக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே, நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது. கடையில் கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போனால், கூடையே காலியாகிவிடும். இதைத் தீர்க்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மொன்டுல்லி ஒரு வழி கண்டார். தளம் ஒரு சின்னச் சீட்டை எழுதி உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை நீங்கள் வரும்போது உலாவி அந்தச் சீட்டைக் காட்டும். தளம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். அந்தச் சீட்டுதான் குக்கி.

தெருமுனை மளிகைக்கடையில் நம் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும் அல்லவா? போன மாதம் எவ்வளவு பாக்கி, எந்த எண்ணெய் வாங்குவோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணாச்சி எழுதுகிறார், அண்ணாச்சி படிக்கிறார். நமக்கும் அது தெரியும். ஒரு தளம் தன் சொந்த உபயோகத்துக்கு எழுதும் குக்கி இந்த நோட்டைப் போன்றது. அதில் பெரிய தப்பு எதுவும் இல்லை.

ஆனால், ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும் ஒரே ஆள் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கினீர்கள். எழுதிக்கொள்கிறார். அடகுக் கடைக்குப் போனீர்கள். அங்கேயும் அவரே. புத்தகக் கடையில், பள்ளிக்கூட வாசலில், கல்யாணத் தரகர் வீட்டில் என்று எங்கு போனாலும் அவரே. கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் உங்களைப் பற்றி ஒரு துண்டுதான் தெரியும். மூலையில் இருக்கும் ஆளுக்கோ உங்கள் முழு வாழ்க்கையும் தெரியும். அவர் யாரென்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. மூன்றாம் தரப்புக் குக்கி செய்வது இதைத்தான். அதைக் கொண்டுதான் எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பது முடிவாகிறது.

இதை நிறுத்த முடியாதா? முடியும். ஃபயர்பாக்ஸ் உலாவி 2019-ல் இத்தகைய பின்தொடரும் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுதாக நிறுத்தியது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டே ஆண்டுகளில் தன் குரோம் உலாவியிலிருந்து அவற்றை விலக்கிவிடுவதாக அறிவித்தது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. விளம்பரத் துறையினரும் பிரிட்டனின் வணிகப் போட்டி ஆணையமும் ஆட்சேபங்கள் எழுப்பினர். 2024 ஜூலையில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கூகுளின் தாய் நிறுவனத்துக்கு வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒட்டிக்கொண்டு வரும் வேவு

ஜோஹோ 2020-ல் தன் இணையதளங்களிலிருந்து மூன்றாம் தரப்பு வேவுக் குறிகளை எடுத்துவிட்டது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். அப்படி அல்ல. ஒரு தளத்தில் இந்தக் குறிகள் நுழைவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, வசதிக்காக. இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண ஓர் இலவசக் கருவி. பக்கத்தைப் பகிர ஒரு பொத்தான். நடுவில் ஒரு காணொளி. ஒவ்வொன்றும் வேறொரு நிறுவனத்துடையது. ஒவ்வொன்றோடும் ஒரு கண் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாடிக்கையாளருக்கு இது தெரிவதில்லை. பல நேரங்களில் தளத்தை நடத்துபவருக்கே தெரிவதில்லை. இவற்றைப் பிடுங்கிப் போட்டால், அந்த வேலைகளைச் செய்யச் சொந்தமாகக் கருவி வேண்டும். வருகையாளர்களை எண்ண ஜோஹோ தன்னுடைய பேஜ்சென்ஸ் என்ற கருவியை வைத்துக்கொண்டது.

இது அவர்களால் ஏன் முடிந்தது? அவர்கள் விற்பது மென்பொருள். அதற்குச் சந்தா வாங்குகிறார்கள். இலவசமாகக் கொடுக்கும் பதிப்பில்கூட விளம்பரம் இல்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் பிழைக்காதவருக்கு வேவு பார்க்கும் தேவையும் இல்லை. ஒரு நிறுவனம் நம் விவரங்களை எப்படி நடத்தும் என்று அறிய, அதன் தொழில்நுட்பத்தை ஆராய்வதற்கு முன், அதற்குச் சோறு போடுவது யார் என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதி விடை தனியுரிமைக் கொள்கை என்ற ஆவணத்தில் இருக்கும். எல்லா நிறுவனங்களும் வெளியிடுவதுதான், நாம்தான் படிப்பதில்லை. ஜோஹோவின் ஆவணம் விவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் கணக்குத் தொடங்கும்போது தரும் பெயர், மின்னஞ்சல் போன்றவை ஒரு வகை. அவற்றுக்கு நிறுவனமே பொறுப்பு. நீங்கள் அதன் மென்பொருளுக்குள் போட்டு வைக்கும் கணக்குகள், உங்கள் வாடிக்கையாளர் பட்டியல்கள் போன்றவை மற்றொரு வகை. அவை உங்கள் உடைமை, நாங்கள் உங்கள் சொற்படி காப்பவர்கள் என்கிறது ஆவணம். கணக்கை மூடினால் என்ன ஆகும் என்பதும் அதில் உண்டு. 6 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் துப்புரவில் விவரங்கள் நீக்கப்படும். அதற்கு 3 மாதம் கழித்து, காப்பு நகலிலிருந்தும் போய்விடும். கூட்டிப் பார்த்தால் அதிகபட்சம் ஏறக்குறைய 9 மாதம். இன்னும் குறைத்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு நம் கையில் ஓர் எண் இருக்கிறது. விடுதித் தம்பியிடம் அந்த எண் இல்லை.

நல்ல எண்ணம் மட்டும் போதாது

விற்காமல் இருப்பது வேறு, திருட்டுப் போகாமல் காப்பது வேறு. ஜோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு தயாரித்த ஒரு கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ஊடுருவல்கள் நடப்பதாக, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு முகமையும் கூட்டாக எச்சரித்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை நிறுவனம் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் ஆபத்தில் இருந்தார்கள். ஜோஹோவிடமிருந்து தமிழ்ப் பெயரோடு 2021-ல் வந்த ‘அரட்டை’ என்ற செய்திச் செயலி, 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று நாடு முழுவதும் பரவியது. அப்போது அழைப்புகளுக்கு இருந்த முழுப் பூட்டு, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் யாரும், செயலியை நடத்தும் நிறுவனம்கூட, படிக்க முடியாதபடி போடும் பூட்டு அது. மக்கள் அதை வற்புறுத்திக் கேட்டார்கள். பின்னர்தான் அது வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்பதை நாம் மறக்கக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கொள்கை என்பது நிறுவனம் தானாகத் தந்த வாக்கு. இன்றைய நிர்வாகம் தந்ததை நாளைய நிர்வாகம் மாற்றலாம். அதனால்தான் சட்டம் வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

விவரம் வாங்கும் நிறுவனத்தை இந்தச் சட்டம் உரிமையாளர் என்று சொல்லவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர் என்ற பொருள் தரும் சொல்லால் அழைக்கிறது. தமிழில் நமக்கு அதற்கு நல்ல சொல் இருக்கிறது: தர்மகர்த்தா. கோயில் நிலமும் நகையும் தர்மகர்த்தாவின் பொறுப்பில் இருக்கும், ஆனால் அவருடையவை அல்ல. எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மட்டும்தான் செலவிடலாம். கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கைபேசி எண்ணை வாங்கி வைத்திருக்கும் ஜவுளிக்கடையும் இனி ஒரு தர்மகர்த்தாதான். காப்பதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

தமிழ் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும். அதாவது, தமிழில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. புரியாத மொழியில் நாற்பது பக்கத்தை நீட்டி, கீழே ஒரு பொத்தானை அழுத்த வைப்பது ஒப்புதல் ஆகாது. தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், தந்தது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பிரான்ஸில் குக்கிகளை ஏற்பது போல மறுப்பதை எளிதாக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அந்நாட்டுத் தரவு ஆணையம் அறிவித்தது.

சட்டத்தில் குறைகளும் உண்டு. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவைத் திருத்தி, அந்த உரிமையை இது சுருக்கிவிட்டது. குடிமகனின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம், அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் திரையாகிவிடக் கூடாது. பெரிய தர்மகர்த்தா அரசுதான். அதனிடமும் கணக்குக் கேட்டாக வேண்டும்.

நாம் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. ஆதாரின் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதுவே போதுமா என்று கேட்டுப் பாருங்கள். உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. கடையில் எண் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

அன்று காலை விடுதியைவிட்டுக் கிளம்பும் முன், என் ஆதார் படத்தை அழித்துவிடுமாறு அந்தத் தம்பியைக் கேட்டுக்கொண்டேன். உடனே அழித்தார். நான் கேட்காமலேயே, அழித்தவை போய்ச் சேரும் பெட்டியையும் திறந்து அங்கிருந்தும் நீக்கிக் காட்டினார். பிறகு தன் கைபேசியை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். வரிசை வரிசையாக முகங்கள், எண்கள், முகவரிகள்.

“சார், பதிவேட்டுலதான் எல்லாம் எழுதியிருக்கே. முதலாளிகிட்ட சொல்லிட்டு மத்தவங்க படத்தயும் அழிச்சிடட்டுமா?”

(தொடரும்)