எக்ஸெல் தரும் சமன்பாட்டை அப்படியே நம்பலாமா?

பள்ளி புராஜெக்டுக்காக உங்கள் பிள்ளை வெந்நீர் ஆறுவதை அளக்கிறார். 0, 15, 30, 45, 60 நிமிடங்களில் 90, 72, 60, 51, 45 டிகிரி செல்சியஸ். அறையின் வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக் கொள்வோம்.

இவற்றை எக்ஸெல்லில் அடுத்தடுத்த நெட்டு வரிசைகளில் டைப் செய்து, ஸ்கேட்டர் வகை சார்ட் வரையுங்கள். ஏதேனும் ஒரு புள்ளியில் ரைட் கிளிக் செய்து, ஆட் டிரெண்ட்லைன் தேர்ந்தெடுங்கள். அதில் எக்ஸ்பொனென்ஷியல் வகையைத் தேர்வு செய்து, சமன்பாட்டையும் ஆர்-ஸ்கொயர்டு மதிப்பையும் காட்டும் கட்டங்களில் டிக் செய்யுங்கள்.

ஆர்-ஸ்கொயர்டு 0.99 என வரும். உடனே மகிழ்ந்துவிடாதீர்கள்! இந்தச் சமன்பாட்டின்படி 3 மணி நேரத்தில் நீர் சுமார் 11 டிகிரிக்கு இறங்கிவிடும். 30 டிகிரி அறையில் வைத்த நீர் தானாக அப்படிக் குளிருமா?

எக்ஸெல் வரையும் இந்தக் கோடு பூஜ்யத்தை நோக்கித்தான் தேயும். நீரோ அறை வெப்பநிலையை நோக்கி ஆறுகிறது. எனவே ஒவ்வொரு அளவிலும் 30ஐக் கழித்து, கிடைக்கும் 60, 42, 30, 21, 15 ஆகியவற்றுக்கு மீண்டும் கோடு வரையுங்கள். இப்போது சமன்பாட்டில் தொடக்க மதிப்பு சுமார் 60; தேய்வு வீதம் நிமிடத்துக்கு 0.023.

0.693ஐ 0.023ஆல் வகுத்தால் சுமார் 30. அதாவது, 30 நிமிடத்துக்கு ஒருமுறை வேறுபாடு பாதியாகிறது. அளவுகளைச் சரி பாருங்கள்: 60, 30, 15. பொருந்துகிறதல்லவா?