தாழ்ப்பாளின் உட்புறம்

பொதுக் கழிப்பறை ஒன்றின் கதவுகளில் கைபடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: நுழைவாயிலின் கைப்பிடி, உள்ளே இருக்கும் தனியறைக் கதவின் வெளிப்புறப் பிடி, அதே கதவின் உட்புறத் தாழ்ப்பாள். இவற்றுள் மிகுதியான கைகள் படுவது நுழைவாயிலில்தான் என்பதால் அதுவே மிக அழுக்கானது என்று கருதுவது இயல்பு. துப்புரவுப் பணியாளரின் துணியும் முதலில் அங்கேதான் செல்கிறது. ஆனால் 'கால் கழுவுதல்' என்று தமிழ் இடக்கரடக்கலாகச் சொல்லும் வழக்கம் உள்ள நாட்டில், குழாயும் மக்கும் அறைக்குள்ளும், சோப்பும் வாஷ்பேசினும் அறைக்கு வெளியிலுமாக வைக்கப்பட்டிருக்கும்போது, தண்ணீர் சொட்டும் கழுவாத கை முதலில் தொடும் பொருள் அந்த உட்புறத் தாழ்ப்பாளே. எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதைவிட, கை கழுவுவதற்கு முன் தொடுகிறார்களா பின் தொடுகிறார்களா என்பதே கதவின் தூய்மையைத் தீர்மானிக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையம் போல நாள் முழுதும் ஆள் நடமாட்டம் ஓயாத இடங்களில் இந்த வரிசைமுறை ஒரு நாளில் எண்ணற்ற தடவை திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

கழிப்பறைப் பரப்புகளில் எந்தெந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்பதை மரபணு வரிசையின் துணையால் விரிவாக ஆராய்ந்த ஆய்வு 2011இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்குமாக 12 பொதுக் கழிப்பறைகளில் கதவுப் பிடிகள், குழாய்த் திருகுகள், சோப்புக் குப்பிகள், இருக்கைகள், தரை என 10 வகைப் பரப்புகளைத் துடைத்தெடுத்துப் பார்த்தபோது, கைபடும் இடங்களில் மனிதத் தோலில் வாழும் பாக்டீரியாக்களும், இருக்கையைச் சூழ்ந்த இடங்களில் குடல் பாக்டீரியாக்களும், தரையில் மண்ணின் உயிர்களும் மேலோங்கியிருந்தன. கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் திறந்துவிடும் பிடிகள் சிலவற்றில் தரையின் உயிர்களே காணப்பட்டதால், அங்கே பலர் கைக்குப் பதில் செருப்புக் காலால் அதை அழுத்துகிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஊகித்தது படிப்பவரைச் சிரிக்கவைக்கும் செய்தி. ஆயினும் அது காகிதத்தால் துடைத்துக்கொள்ளும் மக்களின் கழிப்பறை; அங்கே கை தாழ்ப்பாளை அடையும்போது உலர்ந்திருக்கும். நம் கழிப்பறைகளுக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்துவது சரியன்று.

ஈரம் இங்கே சிறு வேறுபாடு அன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, கழுவிய கையில் எஞ்சும் ஈரத்தின் அளவே அக்கையிலிருந்து வேறு பொருளுக்கு எத்தனை பாக்டீரியா தாவும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. நன்கு உலர்த்திய கையிலிருந்து தாவியவை மிகச் சிலவே. கழுவிய கைக்கே இந்த நிலை என்றால், சோப்பு படாத ஈரக்கையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டிய திருவனந்தபுரத்தின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் மிகுந்திருப்பதால், சன்னல் இல்லாத கழிப்பறையொன்றில் தாழ்ப்பாளில் படிந்த நீர் விரைவில் காய்வதும் இல்லை.

நோயைத் தாங்கிக் கைமாற்றும் உயிரற்ற பொருளை மருத்துவத்தில் 'ஃபோமைட்' என்பர். தீப்பொறியைப் பற்றிக்கொள்ளும் பஞ்சு அல்லது சுள்ளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இப்பெயரை, நோய்த்தொற்று பற்றி 1546இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ஜிரோலாமோ ஃபிரகாஸ்டோரோ கையாண்டார். உவமை பொருத்தமானது: பஞ்சு தானாக எரிவதில்லை, பொறியைச் சிறிது நேரம் காத்துவைக்கிறது. அந்தச் 'சிறிது நேரம்' உயிருக்கு உயிர் மாறுபடும். வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா உலர்ந்த பரப்புகளில் 2 நாள் முதல் 5 மாதம் வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவுகள் உள்ளன. கதவுப் பிடியிலிருந்து ஒரு நுண்ணுயிர் எத்தனை பேருக்குச் செல்லும் என்பதை அறிய, மனிதருக்குத் தீங்கு செய்யாத ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸைக் கொண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் செய்து 2000இல் வெளியிட்ட சோதனையில், ஒருமுறை வைரஸ் பூசிய கதவுப் பிடியை ஒருவர்பின் ஒருவராகத் தொட்ட 14 பேரின் கைகளிலாவது அது ஏறியது. கைகுலுக்கலின் வழியே ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கென ஆறாவது ஆள் வரை அதைப் பின்தொடர முடிந்தது. நோய் உண்டாக்கப் பத்து முதல் நூறு வரையான ஷிகெல்லா உயிரணுக்களே போதும் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நோரோ வைரஸ் என்னும் வாந்தி-பேதி வைரஸும் இதே போன்ற சிக்கனக்காரர். 2021 நவம்பரில் வயநாட்டின் பூக்கோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேரிடமும், 2022 ஜூனில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் இருவரிடமும் இது உறுதிசெய்யப்பட்டபோது கேரளத்தில் இதன் பெயர் பரவலாகத் தெரியவந்தது. விழிஞ்ஞத்தில் ஐயம் மதிய உணவின்மேல்தான் எழுந்தது. கதவுப் பிடியின் மேல் யாரும் பழி சுமத்தவில்லை, அப்படிச் சுமத்தவும் சான்றில்லை. ஆனால் உணவுக்கும் கதவுக்கும் நடுவே இருப்பது ஒரே கை. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை கிடையாது. கொழுப்பு உறையைக் கரைத்துக் கொல்லும் ஆல்கஹால் சானிடைசர் கொரோனாவிடம் காட்டிய வலிமையை இதனிடம் காட்டாததற்கு அதுவே காரணம். சோப்பும் ஓடும் நீரும் இதைக் கொல்வதில்லை. கையிலிருந்து பெயர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகின்றன, அதுவே போதுமானது.

கொரோனாக் காலத்தில் கேரளம் செய்த ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா 2020 மார்ச் 15 அன்று 'பிரேக் தி செயின்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தபின், அலுவலகங்கள், கடைகள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றின் வாயில்களில் குழாயும் சோப்பும் வைக்கப்பட்டன. கழுவும் இடம் கதவுக்கு முன்னால் வந்ததால் கதவைத் தொடும் கை ஏற்கெனவே தூய்மையானதாக இருந்தது. மருந்து தெளிக்காமலே கதவு காக்கப்பட்டது. பிற்பாடு கொரோனா பெரிதும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது தெளிவாகி, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் பரப்பு வழித் தொற்றின் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது; நாளடைவில் வாயிற்குழாய்கள் பல வறண்டன. மூச்சு நோயைப் பொறுத்தவரை இந்தத் தளர்வில் தவறில்லை. வயிற்று நோய்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

துடைப்பது எளிய வேலை போலத் தோன்றினாலும் அதற்கும் முறையுண்டு. நோரோ வைரஸ் பற்றி பிரிட்டனில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வைரஸ் படிந்த விரல் அடுத்தடுத்து ஏழு தூய பரப்புகள் வரை அதைக் கொண்டுசென்றது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மட்டும் துடைத்தபோது வைரஸ் ஒழியவில்லை, துணிக்கும் துடைப்பவரின் கைக்கும் அடுத்த பரப்புக்கும் இடம்பெயர்ந்தது. முதலில் அழுக்கை அகற்றி, பின்னர் 10 லட்சத்தில் 5,000 பங்கு குளோரின் உள்ள கரைசலைப் பயன்படுத்தியபோதே பரப்பு தூய்மையானது. பிளீச்சிங் பவுடரிலும் கடையில் கிடைக்கும் திரவ பிளீச்சிலும் இருக்கும் ஹைப்போகுளோரைட் தருவது இந்தக் குளோரினைத்தான். மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் பொது இடங்களுக்குப் பரிந்துரைத்த 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் அந்த அளவைப்போல இரு மடங்கு. ஆனால் அதே பரிந்துரை, உலோகக் கைப்பிடிகளுக்கும் பூட்டுகளுக்கும் பிளீச் ஒவ்வாது என்பதால் 70 சதவீத ஆல்கஹாலைச் சொன்னது. அதுவோ நோரோ வைரஸிடம் தடுமாறுவது.

இந்த முரண்பாடு திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் இன்னும் கூர்மையானது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு ஏட்டினால். குளோரைடு அந்த ஏட்டை ஊசிமுனையளவு துளைத்துக் குழிகளை உண்டாக்குகிறது. குளோரைடு பிளீச்சிலும் இருக்கிறது, கடற்காற்றின் உப்பிலும் இருக்கிறது. குழி விழுந்த கைப்பிடியில் அழுக்கு தங்கும், துணி எட்டாது. எனவே பிளீச் பூசி, பத்து நிமிடம் போல விட்டு, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுவதே நடைமுறைக்கு உகந்த வழி. புதிதாக வாங்குவோர் மாலிப்டினம் கலந்த, 316 என்னும் எண்ணால் குறிக்கப்படும் எவர்சில்வரைக் கேட்டு வாங்குவது கடலோரத்தில் பயன்தரும். மலிவான தாழ்ப்பாள்களில் பொதுவாக எண்ணே இருப்பதில்லை என்பது வேறு கதை.

எவர்சில்வர் வருமுன் கதவுகளை ஆண்ட உலோகம் பித்தளை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஈரி நகரத்து மருத்துவமனையில் பணிபுரிந்த ஃபிலிஸ் கூன் என்னும் நுண்ணுயிரியலாளர், தம் மாணவர்கள் கதவுக் குமிழ்களிலிருந்து எடுத்துவந்த மாதிரிகளில் பளபளக்கும் எவர்சில்வர் குமிழில் பாக்டீரியா செழித்தும், கறுத்துக் கிடந்த பித்தளைக் குமிழில் அரிதாகவும் இருப்பதைக் கண்டு 1983இல் எழுதினார். செம்பு 67, துத்தநாகம் 33 சதவீதம் கொண்ட அந்தப் பித்தளையின் மேல் வைத்த பாக்டீரியாக்கள் சில மணி நேரங்களில் மடிந்தன. எவர்சில்வரில் மூன்று வாரம் கழித்தும் உயிரோடிருந்தன. செம்பிலிருந்து கசியும் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், உயிரணுவின் மேலுறையைச் சிதைத்து மரபணுவையும் துண்டாக்குகின்றன. 'தொடுகொலை' எனத் தமிழாக்கத்தக்க இந்நிகழ்வை ஏற்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் செம்புக் கலவைகளை இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீத பாக்டீரியாவைக் கொல்பவை என்று பதிவு செய்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில் எலிகளின் நோரோ வைரஸும் செம்புப் பரப்பில் செயலிழந்தது.

இதைக் கேட்டவுடன் கழிப்பறைகளுக்கெல்லாம் பித்தளை பூட்டக் கிளம்ப வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் என்பது ஆய்வகத்தின் நேரம். பேருந்து நிலையத்தில் அடுத்த ஆள் இரண்டு நிமிடத்தில் தாழ்ப்பாளைத் தொட்டுவிடுகிறார். மேலும், கடைகளில் மின்னும் பித்தளைப் பிடிகள் பல கறுக்காமல் இருக்க வார்னிஷ் போன்ற மெல்லிய அரக்குப் பூச்சுடன் வருகின்றன; செம்பு கையைத் தொடாத அந்தப் பிடி பிளாஸ்டிக்குக்குச் சமம். பூச்சில்லாத பித்தளையைப் பொருத்தி, புளி தேய்க்க நேரமில்லாவிட்டாலும் தினமும் துடைத்து மட்டும் வந்தால், இரவில் கழிப்பறை ஓய்ந்திருக்கும் மணி நேரங்களில் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கத்தக்கது.

உலோகத்தைவிட வடிவம் மலிவானது, உறுதியானது. இழுக்கும் பிடி விரல்களைச் சுற்றிவளைக்கச் செய்கிறது; தள்ளும் தகடு முழங்கைக்கும் தோளுக்கும் இடம் தருகிறது. வெளியேறும்போது தள்ளித் திறக்குமாறு நுழைவாயிலில் கீல் அமைத்தாலோ, கதவே இல்லாமல் சுவரை வளைத்து மறைவு உண்டாக்கினாலோ கழுவிய கை மீண்டும் அழுக்காகாது. தனியறையின் உட்புறத்திலோ விரல் நுனியால் இழுக்க வேண்டிய கம்பித் தாழ்ப்பாளுக்குப் பதிலாகப் புறங்கையால் தட்டிவிடக்கூடிய அகன்ற நெம்புத் தாழ் இருக்கலாம். எல்லாவற்றிலும் எளியது, மக்குக்கு அருகிலேயே சோப்பு வைக்க ஒரு சிறு மாடம். அதற்குக் கதவை மாற்றக்கூட வேண்டியதில்லை.

சமையலறைக்கும் இதே கணக்குத்தான். உணவுப் பாதுகாப்பு உரிமம் குறித்த 2011ஆம் ஆண்டு விதிகளின் நான்காம் அட்டவணை, உணவு தயாரிக்கும் இடத்தின் கதவுகள் வழவழப்பாகவும் நீர் உறிஞ்சாதவையாகவும் எளிதில் கழுவத்தக்கவையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கழிப்பறை நேரே சமையலறைக்குள் திறக்கக் கூடாது என்பதும் அதிலுண்டு. கேரளம் 2023இல் உணவகப் பணியாளர்களுக்கு மருத்துவச் சான்றான ஹெல்த் கார்டைக் கட்டாயமாக்கியது. கார்டு ஊழியரின் உடல்நிலையைச் சொல்லும். அவர் கழிப்பறையிலிருந்து அடுப்படிக்குத் திரும்பும் வழியில் எந்தக் கதவை எந்தக் கையால் திறந்தார் என்பதைச் சொல்லாது. ஆகவே சிறு உணவகங்களில் வாஷ்பேசினைச் சாப்பிட வருபவர்களுக்கென முன்கூடத்தில் மட்டும் பொருத்தாமல், பின்கட்டுக் கழிப்பறைக்கும் அடுப்படிக் கதவுக்கும் இடைப்பட்ட சுவரிலும் ஒன்றைப் பொருத்தி, அந்தக் கதவைக் காலால் தள்ளித் திறக்கும்படி அதன் அடியில் ஒரு தகட்டை அடித்துவைப்பது பொருத்தமான ஏற்பாடாகும்.