“சின்னத் திருத்தம்தானே!” எழுதி வைத்தால் தொழில் நிலைக்கும்

“தம்பி, சின்னத் திருத்தம்தான். அந்த மஞ்சளைக் கொஞ்சம் மாற்றிவிடுங்கள்.” விளம்பரம், வரைகலைத் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. கேட்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. செய்பவருக்கு அது ஒன்பதாவது முறை.

சுபாங் ஜெயாவிலும் அதையடுத்த பண்டார் சன்வேயிலும் வடிவமைப்பைக் கற்றுத்தரும் கல்லூரிகள் பல உள்ளன. அங்கே படித்து முடித்து இரண்டு மூன்று பேராகச் சொந்த நிறுவனம் தொடங்கும் இளைஞர்களுக்குக் கைவண்ணத்தில் குறை இருப்பதில்லை. அவர்களைத் தடுமாற வைப்பது முடிவே இல்லாத திருத்தங்கள்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உணவகத்துக்குச் சின்னமும் உணவுப் பட்டியலும் செய்து தர 1,200 வெள்ளி பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மணி நேர வேலை என்றால் மணிக்கு 60 வெள்ளி. திருத்தங்களால் அதுவே 60 மணி நேரமானால் மணிக்கு 20 வெள்ளிதான். கடை வாடகை, மின்சாரம், மென்பொருள் சந்தா, உதவியாளர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பணம் வந்தும் நிறுவனம் நஷ்டத்தில் ஓடுவது இப்படித்தான்.

மூன்று வகைத் திருத்தம்

எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல. எழுத்துப் பிழை, தவறான தொலைபேசி எண் போன்றவை வடிவமைப்பாளரின் கவனக்குறைவால் வந்திருந்தால் அவற்றை இலவசமாகச் சரிசெய்வதே நியாயம். நிறம், எழுத்தின் அளவு, படம் வைக்கும் இடம் போன்றவை மெருகேற்றும் திருத்தங்கள். அவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று என்று முதலிலேயே வரம்பு கட்டலாம். மூன்றாவது வகை, எண்ணத்தையே மாற்றுவது. அது திருத்தமல்ல, புதிய வேலை. அதற்குப் புதிய விலை வேண்டும்.

இந்த மூன்றாவது வகைக்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. ‘மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2020’ இயக்கத்தின் முதல் சின்னம் 2018 ஜனவரியில் வெளியானது. கறுப்புக் கண்ணாடி அணிந்த விலங்குகளைக் கண்டு மக்கள் கேலி செய்தார்கள். ஆட்சி மாறிய பிறகு, அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிச் சமாளிக்கவில்லை. போட்டி நடத்தி, இருவாய்ச்சிப் பறவையும் செம்பருத்திப் பூவும் கொண்ட வேறு சின்னத்தை 2019 ஜூலையில் வெளியிட்டார்கள். எண்ணம் மாறினால் வேலையை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ் விளம்பரத்தின் தனிச் சிக்கல்

நம் நாட்டில் ஒரே விளம்பரம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வருவதுண்டு. மலாய்த் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் மற்ற மூன்றையும் மாற்ற வேண்டும். தமிழ் வாசகத்தைப் புலனத்திலிருந்து நகலெடுத்து வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய மொழிகளுக்கான அமைப்பு அதில் இயக்கப்படாவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறிவிடும். தமிழ் தெரியாத ஊழியருக்கு அது கண்ணில் படாது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தமிழ் அறிந்த ஒருவர் முழுவதையும் மீண்டும் படித்தாக வேண்டும். ‘ஒரு சொல்தானே’ என்பதன் உண்மையான விலை இது.

காரணத்தோடு காட்டுங்கள்

அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ரேண்ட், 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் ‘நெக்ஸ்ட்’ நிறுவனத்துக்கு 1 லட்சம் டாலருக்குச் சின்னம் செய்தார். பல மாதிரிகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஒரே சின்னத்தை, அது ஏன் அப்படி இருக்கிறது என்று படிப்படியாக விளக்கும் கையேட்டுடன் கொடுத்தார். எல்லாராலும் பால் ரேண்ட் ஆக முடியாது. ஆனால் காரணத்தை விளக்கிக் காட்டும் வேலைக்குத் திருத்தம் குறையும் என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

சட்டம் யார் பக்கம்?

பலரும் அறியாத செய்தி ஒன்று. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லிச் செய்யப்படும் படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையைக் கொடுத்தவருக்கே போய்ச் சேரும். பணம் பாக்கியிருக்கிறது, உரிமை தன்னிடமே இருக்கிறது என்று வடிவமைப்பாளர் நம்பிக்கொண்டிருக்க முடியாது. “முழுத் தொகையும் செலுத்திய பிறகே உரிமை மாறும், ஏற்காத மாதிரிகள் வரைந்தவருக்கே சொந்தம்” என்று உடன்பாட்டில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு மறுபக்கம் துணை நிற்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு தர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் “பரவாயில்லை அண்ணே, செய்து தருகிறேன்” என்று சொல்லியிருந்தால், இலவசம் என்ற எண்ணத்துக்குத் தாமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஒரு பக்கம் போதும்

வழக்குவரை போகாமலிருக்க ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன வேலை, எந்தெந்த மொழி, எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ஒப்புதல் சொல்லும் ஒரே நபர் யார். இந்தக் கடைசி வரி மிக முக்கியம். முதலாளி ஒன்று சொல்ல, பங்காளி ஒன்று சொல்ல, வீட்டம்மா இன்னொன்று சொன்னால் வேலை முடியாது. அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே பட்டியலாகத் தரட்டும். தொலைபேசியில் சொன்னதையும் உடனே புலனத்தில் எழுதி அனுப்பி ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

திருமண அழைப்பிதழ் அடிக்கும் நம் அச்சகங்களில் இது புதிதல்ல. மெய்ப்பைப் பார்த்து வீட்டார் கையெழுத்திட்ட பிறகுதான் இயந்திரம் ஓடும். அதற்குப் பிறகு பெயர் மாற்றினால் தாள் செலவு வீட்டாருடையது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கணினியில் செய்யும் வேலைக்கும் அதே முறைதான்.

‘நம்மவர்தானே, எழுத்து எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம்மவர் என்பதால்தான் எழுத்து வேண்டும். வெளியாளிடம் தகராறு வந்தால் ஒரு வாடிக்கையாளர் போவார். நம்மவரிடம் வந்தால் உறவும் சேர்ந்து போகும்.