பாக்கெட்டில் ஏறிய மக்காச்சோளச் சாமி
(வானொலி வேளாண் உரை)



மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாகக் கோழித்தீவனத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர், இப்போது குழுவாகச் சேர்ந்து மாவு, ரவை என்று பாக்கெட் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல காரியம். பாக்கெட் என்றதும் அச்சகத்தில் கேட்கிற முதல் கேள்வி, "மேலே என்ன படம் போடணும்?" என்பதுதான். "ஒரு மஞ்சள் கதிர் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கடையில் போய்ப் பார்த்தால் பக்கத்துப் பாக்கெட்டிலும் அதே கதிர்!

இந்தப் பயிருக்குச் சொந்த ஊர் மெக்ஸிகோ. அதன் தென்மேற்கில் உள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மக்கள் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய தானியம் இது. அந்த நாட்டிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் மக்காச்சோளத்துக்கு என்றே சாமி உண்டு, கதை உண்டு. அந்தக் கதைகளிலிருந்து உணவுப் பாக்கெட்டுக்கு எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

குவாத்தமாலா நாட்டு கிச்சே மாயா மக்களிடம் 'போபோல் வூ' என்றொரு நூல் இருக்கிறது. தெய்வங்கள் மனிதனைப் படைத்த கதை அதில் வருகிறது. முதலில் மண்ணால் செய்து பார்த்தார்களாம். தண்ணீர் பட்டதும் கரைந்துபோனது. அடுத்து மரத்தால் செய்தார்கள். அந்த மர ஆட்களுக்கு நெஞ்சில் ஈரமில்லை. படைத்தவர்களையே மறந்துவிட்டார்கள். அப்போது என்ன நடந்தது தெரியுமா? அவர்கள் வீட்டு அரைக்கிற கல்லும், அடுப்பில் வைத்த பானையும், வளர்த்த நாயும் அவர்கள் மேலேயே பாய்ந்தன. "தினம் தினம் எங்களைப் போட்டு அரைச்சீங்களே" என்று கல் கேட்கிறதாம். அம்மியில் கைவைத்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும்.

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நரி, கயோட்டி என்ற காட்டுநாய், கிளி, காகம் ஆகிய நான்கும் வந்து, பாஷில் என்ற இடத்தில் மஞ்சள் கதிரும் வெள்ளைக் கதிரும் இருப்பதாகத் தகவல் சொல்லின. ஷ்முகானே என்ற பாட்டித் தெய்வம் அந்தத் தானியத்தை ஒன்பது தரம் அரைத்தாள். அந்த மாவில் உருவானவர்கள்தான் முதல் நான்கு மனிதர்கள். அதாவது, சாப்பிடுகிற சோளமும் சாப்பிடுகிற ஆளும் ஒன்றுதான் என்பது அவர்கள் கணக்கு.

மாயாச் சிற்பிகளும் இதே நினைப்போடுதான் வேலை செய்திருக்கிறார்கள். ஹோண்டுராஸில் கோபான் என்ற ஊர்ச் சிற்பங்களில் மக்காச்சோளத் தெய்வம் அழகான இளைஞன். தலைமுடி, கதிர் நுனியில் தொங்குகிற பட்டுமுடி மாதிரி இருக்கும். வேறு பல படங்களில் அவன் நெற்றி பின்னுக்குச் சாய்ந்து, தலை கதிர் மாதிரியே நீண்டிருக்கும். நிறத்துக்கும் கணக்கு உண்டு: கிழக்கு சிவப்பு, வடக்கு வெள்ளை, மேற்கு கறுப்பு, தெற்கு மஞ்சள். இந்த நான்கு நிறத்திலும் அங்கே சோளம் விளைகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்ததைத்தான் கதையாக்கியிருக்கிறார்கள்.

சரி, இந்தச் சாமி முகத்தையே பாக்கெட்டில் அச்சடித்துவிடலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவில் இப்படிச் செய்து பார்த்தாயிற்று. மசோலா என்ற மக்காச்சோள எண்ணெய்க்கு 1970களில் வந்த தொலைக்காட்சி விளம்பரத்தில், பூர்வகுடி உடையில் ஒரு பெண் வந்து எண்ணெயைப் புகழ்வாள். எண்ணெய் விற்றது, அந்த மக்களின் சோளக் கதையில் ஒரு வரிகூட யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று வெண்ணெய்ச் சங்கதி. லேண்ட் ஓ லேக்ஸ் என்பது மின்னசோட்டா மாநிலத்தில் 1921ல் பால் கூட்டுறவுகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. நம் குழுக்கள் மாதிரிதான். 1928லிருந்து ஒரு பூர்வகுடிப் பெண் படத்தைப் போட்டுவந்தார்கள். 1950களில் ஒஜிப்வே இனத்து ஓவியர் பாட்ரிக் டெஜார்லைட் அதைத் திருத்தி வரைந்தார். அவர்கள் இனத்தவரே வரைந்தும் ஆட்சேபம் ஓயவில்லை. கடைசியில் 2020ல் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, ஏரியையும் மரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, 'விவசாயிகளுக்குச் சொந்தமானது' என்று எழுதினார்கள். மெக்ஸிகோவில் இப்போது சட்டமே வந்துவிட்டது. பூர்வகுடிச் சமூகங்களின் பண்பாட்டு அடையாளங்களை அவர்கள் சம்மதமில்லாமல் வியாபாரத்துக்கு எடுக்கக்கூடாது என்று 2022 ஜனவரியில் கொண்டுவந்தார்கள். நம் ஊர் அம்மன் முகத்தை யாரோ ஒரு வெளிநாட்டான் பிஸ்கட் உறையில் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அப்படியானால் கதையிலிருந்து எதைத்தான் எடுப்பது? பயிரைப் பார்த்த கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மடல் பாதி உரிந்த கதிர், அதன் பட்டுமுடி, வரிசை தப்பாத மணி, அரைக்கிற கல், கதிருக்கு வந்து உட்காருகிற கிளி — கிளி நமக்கும் பழைய விரோதிதானே! இவை யாருக்கும் தனிச் சொத்தல்ல. கதிரைக் கையில் பிடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் கிடைக்கிற பொம்மைக் கதிர் வேண்டாம்.

இன்னொரு விஷயம், படம் பொய் சொல்லக்கூடாது. அழகாயிருக்கிறதே என்று நான்கு நிறக் கதிரை அச்சடித்து, உள்ளே மஞ்சள் வீரிய ஒட்டுச் சோள மாவை வைத்தால் அது ஏமாற்று. மெக்ஸிகோ ரொட்டியான டார்ட்டியாவின் படத்தைப் போடுவதும் அப்படித்தான். அந்த மக்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு பிசுபிசுப்பாகச் சேர்ந்துவரும். அதிலுள்ள நயாசின் என்ற வைட்டமினும் உடம்பில் ஒட்டும். நம் ஆலையில் வெறுமனே அரைத்த மாவைத் தட்டினால் விரிந்துபோகும். படத்தைப் பார்த்து வாங்கின அம்மா, அடுத்த தடவை உங்கள் பாக்கெட்டைத் தொடமாட்டாள். உங்கள் மாவில் அடையோ கூழோ நன்றாக வருமென்றால் அதையே படம் எடுங்கள்.

எடை, தேதி, உரிம எண், பச்சை வட்டம் இவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் படத்தை வையுங்கள். படம் முடிந்த பிறகு இவற்றை ஓரத்தில் திணித்தால் எழுத்து பொடியாகி, அச்சடித்த உறை முழுவதும் வீணாகும்.